கைமாறும் குறுந்தகடுகள்

காசு கொடுத்து வாங்கிய பாட்டு வாங்கியவருக்குச் சொந்தமா? கேட்டு முடித்தபின் அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? கொடுத்துவிட்டுப் பதிலுக்கு வேறொன்றைக் கேட்டு வாங்கலாமா? அமெரிக்காவில் 2006இல் இந்தக் கேள்விகளை ஒரு தொழிலாகவே நடத்திப் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பில் நுயென் என்பவர் 'லாலா' என்ற இணையச் சேவையைத் தொடங்கினார். வீட்டில் உள்ள சிடிகளின் பட்டியல் ஒன்று, வேண்டிய சிடிகளின் பட்டியல் ஒன்று என இரண்டையும் அதில் பதிந்துவைக்க வேண்டும். எங்கோ ஓர் ஊரில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர் உங்களிடம் உள்ளதைக் கேட்பார். நீங்கள் தபாலில் அனுப்புவீர்கள். உங்களுக்கு வேண்டியதை வேறோர் ஊரிலிருந்து மற்றொருவர் அனுப்பிவைப்பார். பெறுகிறவர் கட்ட வேண்டியது சிடி ஒன்றுக்கு 1 டாலரும் தபால் செலவும்தான். ஏறக்குறைய அதே காலத்தில் 'ஸ்வாப்-ஏ-சிடி' என்ற இன்னொரு சேவையும் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் பழைய புத்தகங்களை மாற்றிக்கொள்ளச் சேவை நடத்திவந்தவர்களே அதையும் நடத்தினார்கள்.

பழைய சாமான் மாற்றுகிற வேலைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. பதிப்புரிமை, சொத்துரிமை, அந்நியர்மேல் வைக்கும் நம்பிக்கை, கலைஞருக்குச் சேர வேண்டிய கூலி எல்லாம் இதில் பின்னிக்கிடக்கின்றன. வாங்கிய இசையைக் கைமாற்றிவிடும் உரிமை வாங்கியவருக்கு இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. அந்த உரிமையோடு ஒட்டிவரும் கடமை ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முகம் தெரியாதவர்கள் தபாலில் இசை பரிமாறிக்கொள்வது இணையத்தோடு பிறந்த பழக்கமல்ல. 'கிரேட்ஃபுல் டெட்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் கச்சேரிகளை ரசிகர்கள் தாங்களே ஒலிநாடாவில் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அவர்களுக்காகவே 1974இல் ஓர் இதழ் தொடங்கியது. 1984இல் குழுவே முன்வந்து, அரங்கில் பதிவு செய்வோருக்கென்று தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. காசு வாங்கக் கூடாது என்பதுதான் விதி. மாற்றிக்கொள்ளக் கையில் ஏதுமில்லாத புதியவர் வெற்று நாடாவும் திருப்பி அனுப்பத் தபால்தலையும் வைத்து அனுப்பினால், யாராவது ஒருவர் பதிந்து தருவார். மெட்டாலிகா குழு ஓர் இசைத்தட்டும் வெளியிடாத 1982இலேயே அதன் மாதிரிப் பதிவு நாடா இப்படித்தான் கைக்குக் கை பரவியது.

ஆனால் நாடா பரிமாற்றத்தில் கொடுத்தவருக்கு இழப்பு கிடையாது. அவருடைய நாடா அவரிடமே இருக்கும், போவது நகல். சிடி மாற்றும்போது கொடுத்தவர் அலமாரியில் ஓர் இடம் காலியாகிறது. இந்த வித்தியாசத்தின்மேல்தான் மொத்த விஷயமும் நிற்கிறது.

அமெரிக்க வீடுகளில் மாற்றிக்கொள்ளும் அளவுக்குச் சிடிகள் எப்படிக் குவிந்தன? பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய குறுந்தகடு 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒலிநாடாவையும் பழைய இசைத்தட்டையும் அது ஓரங்கட்டியது. கையில் இருந்த பழைய தட்டுகளையே மறுபடி சிடியாக வாங்கினார்கள் மக்கள். கொலம்பியா ஹவுஸ், பிஎம்ஜி போன்ற தபால்வழி இசைச் சங்கங்கள் வேறு இருந்தன. ஒரு சென்டுக்கு ஒரு கட்டு இசைத்தட்டு என்று ஆசைகாட்டிச் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு முழு விலையில் இத்தனை வாங்கியாக வேண்டும் என்பார்கள். மாதாமாதம் ஒரு அட்டை வரும். வேண்டாம் என்று குறித்துத் திருப்பி அனுப்ப மறந்தால் அந்த மாதத்துச் சிடி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கேட்காமலே வந்து சேர்ந்த சிடிகள் இப்படி எத்தனையோ. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 94 கோடி சிடிகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. அதுதான் உச்சம், அதன்பின் இறங்குமுகம்தான்.

விலையும் நியாயமாக இல்லை. பெரிய இசை நிறுவனங்கள் ஐந்தும் விளம்பர விலைக்கு அடிமட்டம் விதித்துக் கடைக்காரர்களைக் கட்டிப்போட்டிருந்தன என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2000இல் கண்டறிந்தது. மூன்றாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் வாங்கியோர் 48 கோடி டாலர் வரை அதிகமாகக் கொடுத்திருக்கலாம் என்று அது கணக்கிட்டது. மாநிலங்கள் தொடுத்த வழக்கு 2002இல் சமரசமாகி, நிறுவனங்கள் பணத்தோடு சிடிகளையும் இழப்பீடாகத் தர ஒப்புக்கொண்டன. சிடிகள் நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் போயின. யாருக்கு எது வேண்டும் என்று கேட்காமல் அனுப்பியதால், ஒரே சிடி நூற்றுக்கணக்கில் வந்து குவிந்திருக்கிறது என்று நூலகர்கள் முறையிட்டார்கள். சிடி மாற்றுச் சேவையின் உயிர் 'வேண்டும்' பட்டியலில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பழைய சிடி கைமாறுவதை இசை நிறுவனங்கள் ஒருநாளும் விரும்பியதில்லை. 1993இல் வேர்ஹவுஸ் என்ற பெரிய கடைத்தொடர் பழைய சிடிகளை விற்கத் தொடங்கியபோது, நான்கு பெரிய வினியோக நிறுவனங்கள் அப்படி விற்கும் கடைகளுக்கு விளம்பர உதவித்தொகையை நிறுத்தின. அன்றைக்கு உச்சத்தில் இருந்த 'கண்ட்ரி' இசைப் பாடகர் கார்த் புரூக்ஸ், பழைய சிடி விற்கும் கடைக்குத் தன் புதிய தொகுப்பைத் தரக் கூடாது என்றார். பாட்டு எழுதியவருக்கும் பாடியவருக்கும் மறுவிற்பனையில் ஒரு காசும் போவதில்லை என்பது அவர் வாதம். சிறு கடைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனங்கள் பின்வாங்கின.

சட்டம் கடைக்காரர்கள் பக்கம் இருந்தது. அது 1908இலேயே தீர்ந்துபோன சங்கதி. 'தி காஸ்டவே' என்ற நாவலை வெளியிட்ட பாப்ஸ்-மெரில் நிறுவனம், 1 டாலருக்குக் குறைத்து யாரும் விற்கக் கூடாது என்று புத்தகத்துக்குள்ளேயே அச்சிட்டிருந்தது. மேசீஸ் கடையோ 89 சென்டுக்கு விற்றது. ஒரு முறை விற்றபின் அந்தப் பிரதியின்மேல் பதிப்பாளருக்குப் பிடி இல்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 'முதல் விற்பனைக் கோட்பாடு' என்ற பெயரில் இது 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவிலும் இடம்பெற்றது. விமரிசகர்களுக்கும் வானொலிக்காரர்களுக்கும் இலவசமாக அனுப்பப்பட்ட, 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்திய சிடிகளைக்கூட விற்கலாம் என்று 2011இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விற்கலாம், கொடுக்கலாம், மாற்றலாம். ஆனால் அமெரிக்காவில் சிடியை வாடகைக்கு மட்டும் விட முடியாது. டோக்கியோவில் 1980 வாக்கில் இசைத்தட்டு வாடகைக் கடைகள் முளைத்துப் பரவியதைக் கண்டு அஞ்சிய அமெரிக்க இசைத்துறை, உரிமையாளரின் அனுமதியின்றி இசைத்தட்டை வணிக வாடகைக்கு விடக் கூடாது என்று 1984இல் சட்டம் கொண்டுவரச் செய்தது. வாடகைக்கு எடுத்துப்போய் இரவோடிரவாக நாடாவில் பதிந்துகொள்வார்கள் என்ற பயம்தான் காரணம். திரைப்படத்துக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 1998 முதல் டிவிடிகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்ப முடிந்தது. இசைக்கு அப்படி ஒரு சேவை வர முடியவில்லை. லாலா ஏன் வாடகைக் கடையாக இல்லாமல் பண்டமாற்றுச் சந்தையாக உருவெடுத்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

பண்டமாற்றின் பழைய சிக்கல் எல்லோரும் அறிந்ததுதான். என்னிடம் உள்ளது உங்களுக்கு வேண்டும். அதே நேரம் உங்களிடம் உள்ளது எனக்கு வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கூடிவருவது அபூர்வம். லாலாவும் ஸ்வாப்-ஏ-சிடியும் இந்த முடிச்சை ஒரே வகையில்தான் அவிழ்த்தன. நீங்கள் மதுரைக்காரருக்கு அனுப்பலாம், உங்களுக்குத் திருச்சிக்காரர் அனுப்பலாம்; கணக்கை நடுவில் இருக்கும் சேவை வைத்துக்கொள்ளும். ஸ்வாப்-ஏ-சிடியில் ஒரு சிடி அனுப்பினால் ஒரு வரவு. அந்த வரவைக் கொண்டு ஒரு சிடி கேட்கலாம்.

கணக்கு வந்தவுடன் பணத்தின் நோய்களும் கூடவே வந்துவிடுகின்றன. எல்லாச் சிடியும் ஒரே வரவு என்றால், எவரும் நல்லதை முதலில் பட்டியலிட மாட்டார். 1990களில் கோடிக்கணக்கில் விற்று எல்லார் வீட்டிலும் தூங்குகிற தொகுப்புகள்தான் சந்தையில் நிறையும். ஹூட்டி அண்ட் தி புளோஃபிஷ் குழுவின் முதல் தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்கு மேல் விற்றது. மாற்றுச் சந்தையில் அப்படிப்பட்ட ஒன்றைக் கொடுக்கப் பலர் இருப்பார்கள், கேட்க ஆள் இருக்க மாட்டார். அச்சில் இல்லாத ஒரு ஜாஸ் பதிவுக்கோ ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். வரவைச் சேர்த்துவைத்துக்கொண்டு செலவழிக்காதவர்கள் பெருகினாலும் சந்தை படுத்துவிடும். வாஷிங்டனின் கேப்பிடல் ஹில் பகுதியில் குழந்தைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளச் சில பெற்றோர் சங்கம் வைத்து, பார்த்துக்கொள்ளும் நேரத்துக்கு ஏற்பச் சீட்டு என்று புழங்கினார்கள். எல்லாரும் சீட்டைச் சேமிக்கப் போய்ச் சங்கமே முடங்கியதை ஸ்வீனி தம்பதி 1977இல் ஒரு பொருளியல் கட்டுரையாக எழுதினார்கள். சிடி மாற்றுச் சேவையை நடத்தப் பார்க்கிற எவரும் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். அந்நியருக்கு நம் வீட்டு முகவரியைக் கொடுக்கிறோம். அவர் அனுப்புவாரா, அனுப்பினாலும் பாடுகிற சிடியா என்ற ஐயம் இருக்கத்தான் செய்யும். இதில் மனிதரைவிடப் பொருளின் குணம்தான் உதவியது. ஒலிநாடா ஓட ஓடத் தேயும். பழைய இசைத்தட்டில் ஊசி ஒவ்வொரு முறையும் உரசும். சிடியைத் தொடுவது ஒளி மட்டுமே. ஆயிரமாவது முறையும் முதல் முறை போலவே பாடும். கீறல் விழுந்தாலும் ஓரளவுக்குத் தாங்கிக்கொள்ளும். விட்டுப்போன எண்களைத் தானே நிரப்பிக்கொள்ளும் பிழைதிருத்த முறை அதற்குள் இருக்கிறது. தடத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளம் அழிந்திருந்தாலும் ஒலி பிசகாது. ஆகவே இரண்டாம் கைச் சிடி என்பது மட்டமான சிடி அல்ல. மாற்றுச் சந்தை நம்பி இயங்க இதுவே அடிப்படை.

ஆனாலும் பார்த்து வாங்க வேண்டும். சிடியை விளிம்பில் பிடித்து விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி ஓடும் கீறல் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. வட்டத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் தடத்தையே விழுங்கிப் பாட்டைத் தடுக்கும். துடைக்கும்போதும் மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகத்தான் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றி அல்ல. பலரும் பளபளப்பான பக்கத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிவிட்டு, எழுத்து அச்சிட்ட பக்கத்தை அலட்சியமாக விடுகிறார்கள். உண்மையில் ஆபத்து அங்கேதான். கீழே 1.2 மி.மீ. பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேலேயோ ஒளியைத் திருப்பும் உலோகப் படலத்தின்மேல் இருப்பது மெல்லிய பூச்சும் மையும் மட்டும். அங்கே ஆழமாகக் கீறினால் படலமே பெயர்ந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனைத் துளைகளாகத் தெரியும். வட இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான பல சிடிகள் பூச்சுக் கோளாறால் விளிம்பிலிருந்து வெண்கல நிறமேறிக் கெட்டுப்போயின. அந்தக் காலத்து ஐரோப்பியப் பதிப்புகளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் அது ஆலையில் அச்சானதே அல்ல. வீட்டில் எரித்த நகல். மாற்றுச் சந்தையில் நகல் அனுப்புவது மோசடி.

தபாலும் தன் பங்குக்குச் சோதிக்கும். சிடியை விட அதன் பிளாஸ்டிக் பெட்டிதான் கனம். வழியில் உடைவதும் அதுதான், முக்கியமாகச் சிடியைக் கவ்விப் பிடிக்கும் நடுப்பற்கள். அதனால் லாலா அந்தப் பெட்டியையே கைவிட்டது. மெல்லிய பிளாஸ்டிக் உறைகளையும் தபால் கவர்களையும் தானே உறுப்பினர்களுக்கு அனுப்பிவைத்தது. செலவு குறைந்தது உண்மைதான். ஆனால் பெட்டியோடு சேர்ந்து கையேட்டையும் பலர் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்றால் அது எனக்கு உடன்பாடில்லை. யார் வாசித்தார், எங்கே பதிவானது, எந்த ஆண்டு என்பதெல்லாம் அந்தச் சிறு புத்தகத்தில்தான் இருக்கிறது. இசைக்கு அது பிறப்புச் சான்றிதழ்.

இனி அந்தக் கடமை. சிடியைக் கணினியில் ஏற்றிக்கொண்டு அசலை மாற்றிவிடுவது சில நிமிட வேலை. மாதம் பத்துச் சிடி வாங்கிப் பத்தையும் நகலெடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு அனுப்பினால், ஒரே அசலை வைத்து ஓர் ஊரே பாட்டுச் சேர்த்துவிடலாம். மாற்றிவிட்ட சிடியின் நகலை அழித்துவிடுங்கள் என்று லாலா கேட்டுக்கொண்டது. அழித்தார்களா என்று பார்க்க வழியில்லை. சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்க 2014இல் பிரிட்டன் சிறிது காலம் அனுமதித்தபோது, அசலை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு நகலை வைத்துக்கொள்வது உரிமை மீறல் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அடுத்த ஆண்டே அந்த அனுமதியை நீதிமன்றம் ரத்துசெய்தது வேறு கதை. எல்லைக்கோடு சரியான இடத்தில்தான் விழுந்தது. கொடுத்தால் இழக்க வேண்டும். இழக்காமல் கொடுப்பவர் தன் உரிமையைக் கைமாற்றவில்லை. கலைஞரின் உரிமையில் கை வைக்கிறார்.

கார்த் புரூக்ஸ் எழுப்பிய கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஓவியம் மறுபடி விற்கப்படும்போது ஓவியருக்கும் ஒரு பங்கு என்று பிரான்ஸ் 1920இலேயே சட்டம் செய்தது. இசைக்கு அப்படி ஏதும் இல்லை. லாலா, சட்டம் கட்டாயப்படுத்தாமலேயே, மாற்று வருமானத்தில் 20 விழுக்காட்டை இசைக்கலைஞர்களுக்காக ஒதுக்குவதாக அறிவித்தது. 1 டாலரில் 20 சென்ட் பெரிய தொகை அல்ல. ஆனாலும் கேட்பவரின் உரிமையையும் பாடுபவரின் கூலியையும் ஒரே மேசையில் வைத்துப் பேசிய முயற்சி அது. இத்தனை ஆண்டுகளில் இதைவிட நேர்மையான ஏற்பாடு ஒன்றை நான் காணவில்லை.

அது நிலைக்கவில்லை. லாலாவே மெல்ல மெல்லச் சிடியை விட்டு விலகி இணையத்தில் பாட்டு ஒலிபரப்பப் போனது. 2008இல் ஒரு பாட்டை இணையத்தில் மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்க 10 சென்ட் என்று விற்றது. 2009 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் லாலாவை வாங்கியது. 2010 மே 31 அன்று மூடியது. 10 சென்ட் கொடுத்து வாங்கிய பாட்டுகள் அன்றோடு நின்றன. அந்தத் தொகையை ஐட்யூன்ஸ் கடையில் வரவாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அதே லாலா மூலம் தபாலில் வந்த சிடிகளை எவரும் திருப்பிக் கேட்க முடியவில்லை.

கோப்பாக வாங்கிய பாட்டைக் கைமாற்ற ஒரு முயற்சியும் நடந்தது. ஐட்யூன்ஸில் வாங்கிய பாட்டை விற்றுக்கொடுக்க 2011இல் 'ரீடிஜி' என்ற நிறுவனம் தொடங்கியது. விற்றவர் கணினியிலிருந்து கோப்பு நீங்கும்படி செய்திருந்தார்கள். கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. கோப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதில்லை, அங்கே புதிதாக ஒரு பிரதி பிறக்கிறது. பிரதியெடுக்க அனுமதி வேண்டும் என்று 2013இல் நியூயார்க் நீதிமன்றமும் 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டன. மின்னூல் விஷயத்தில் ஐரோப்பிய நீதிமன்றமும் 2019இல் இதே பக்கம் சாய்ந்தது. சட்டத்தின் சொற்களுக்கு இந்தத் தீர்ப்புகள் பொருந்தலாம். விளைவு என்னவோ, நூறாண்டுகளாக வாசகரும் ரசிகரும் அனுபவித்த ஓர் உரிமை, பொருள் கோப்பானதும் சத்தமில்லாமல் பறிபோனதுதான்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், ஒலிப்பதிவின் ஒரு பிரதி முன்பே விற்கப்பட்டிருந்தாலும் அதை விற்கும் உரிமை பதிப்புரிமையாளருக்கே என்று சொன்னது. ஏட்டின்படி பார்த்தால் பழைய கேசட்டும் சிடியும் விற்ற நடைபாதைக் கடைக்காரர்கள் சட்டத்தை மீறியவர்கள். 2012 திருத்தம் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு வணிக வாடகையை மட்டும் கட்டுப்படுத்தியது. நல்ல திருத்தம் அது. பாட்டுப் பட்டியலைக் கொடுத்துக் கடையில் கேசட் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு, அசலைக் கைமாற்றுவதும் நகலெடுப்பதும் வேறு வேறு என்பதை எடுத்துச் சொல்லவும் அது ஒரு வாய்ப்பு.

உங்கள் வீட்டிலும் கர்னாடக சங்கீதம், திரையிசை, பக்திப் பாடல் என்று சிடிகள் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். போட்டுக் கேட்கக் கருவிகூட இப்போது இல்லாமல் இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அசல் பதிப்புகளைப் பிரித்தெடுத்து, துடைத்து, கையேட்டை உள்ளேயே வைத்து, கேட்க ஆசைப்படுகிற ஒருவருக்குக் கொடுங்கள். பதிலுக்கு அவரிடம் உள்ள ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் கணினியிலும் கைபேசியிலும் உள்ள நகலை அழித்துவிடுங்கள்.